பெர்த் நகரத்துத் 'தன்னார்வலர்': ஒரு வயிற்றுப்புண் நிகழ்வு ஆய்வு

நோயாளி

ஆண். வயது 32. தொழில், மருத்துவம். ஊர், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த். காலம், 1984 ஜூலை. இதற்கு முன் வயிற்று உபாதை எதுவும் கிடையாது. முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தாயிற்று. அழற்சி இல்லை, கிருமி இல்லை.

ஆய்வகத் தட்டில் வளர்த்த ஒரு கிருமியைக் கரைத்த கலங்கல் நீரை அவர் தானே எடுத்துக் குடித்தார். ஒரு வாரத்துக்குள் வயிறு கனக்க ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டது போலிருந்தது. விடியற்காலையில் வாந்தி வந்தது. அந்த வாந்தியில் புளிப்பே இல்லை. வாய் நாறுகிறது என்று வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். 10-ஆம் நாள் மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தார்கள். சுத்தமாக இருந்த இரைப்பைச் சுவரில் இப்போது அழற்சி. அதன் மேல் அந்தக் கிருமிகள். 14-ஆம் நாள் பார்த்தபோது அழற்சி பெரும்பாலும் தணிந்திருந்தது. அதன்பிறகு டினிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் இது அறிக்கையாக வந்தது. அதில் நோயாளி வெறுமனே 'ஒரு தன்னார்வலர்'. அவர் பெயர் பாரி மார்ஷல். அறிக்கையை எழுதியவர்களில் முதல் பெயரும் அவருடையதே. 2005-இல் நோபல் பரிசு வாங்கிய பிறகு இந்தக் கதையை உலகமே சொல்கிறது. பெரும்பாலும் துணிச்சல் கதையாகத்தான் சொல்கிறார்கள். இருபது வருடமாக மருந்தாளுநர் வேலை பார்க்கும் எனக்கு இது வேறு விதமாகத்தான் கண்ணில் படுகிறது. வலி அடங்குவது வேறு, நோய் தீர்வது வேறு. இந்த இரண்டையும் மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் ஒன்றாக நினைத்திருந்தது. எங்கள் ஊரில் இன்றும் தினமும் அப்படித்தான் நினைக்கிறோம்.

முன்கதை

'அமிலம் இல்லையேல் புண் இல்லை' என்ற கருத்தை 1910-இல் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற அறுவை மருத்துவர் முன்வைத்தார். அது பொய்யில்லை. ஆனால் அமிலம் எல்லோர் வயிற்றிலும் சுரக்கிறது, புண் சிலருக்குத்தான் வருகிறது. மீதிப் பழியைக் கவலை, காரம், நேரம் தவறிய சாப்பாடு ஆகியவற்றின் மேல் போட்டார்கள். 'நேரத்துக்குச் சாப்பிடாம அல்சர் வந்துருச்சு' என்று நம் வீடுகளில் சொல்வது அந்தக் காலத்து மருத்துவத்தின் மிச்சம்தான்.

அமிலம்தான் எதிரி என்று ஆனதால், எல்லா மருந்தும் அமிலத்தையே குறி வைத்தது. அது எப்படி என்று விளங்கிக்கொள்ள, வயலில் ஓடும் ஒரு மோட்டாரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்கள் உண்டு. ஒவ்வொரு செல்லிலும் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் ஏராளம். இந்த மோட்டாருக்கு மூன்று சுவிட்சுகள்: பக்கத்துச் செல்களிலிருந்து வரும் ஹிஸ்டமின், மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின், ரத்தத்தில் வரும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோன்.

ஜெலுசில், டைஜின் போன்ற மருந்துகள் மோட்டாரைத் தொடுவதே இல்லை. ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட அமிலத்தைச் சமன்படுத்துகின்றன, அவ்வளவுதான். அவற்றில் மெக்னீசிய உப்பும் அலுமினிய உப்பும் ஏன் சேர்ந்தே இருக்கின்றன தெரியுமா? மெக்னீசியம் பேதியைக் கொடுக்கும், அலுமினியம் மலத்தைக் கட்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். குடித்த சில நிமிடத்தில் எரிச்சல் குறையும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மோட்டார் மறுபடி நிரப்பிவிடும்.

ஒரு சுவிட்சையே அணைத்த முதல் வெற்றிகரமான மருந்து சிமெடிடின். ஜேம்ஸ் பிளாக் குழுவினர் இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். 1976-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. ஹிஸ்டமின் உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பிளாக்குக்கு 1988-இல் நோபல் கிடைத்தது. அதே வழியில் 1981-இல் ரானிடிடின் வந்தது. நம்மூரில் அதை அறியாத வீடு கிடையாது. அந்த மாத்திரையில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் மாசு இருப்பது தெரிந்து, 2020-இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022-இல் வெளியான இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அதற்கு இடமில்லாமல் போனது.

அடுத்து வந்தது ஓமெப்ரசோல். சுவீடனில் பிறந்து 1988-இல் சந்தைக்கு வந்தது. பான்டோபிரசோல், ரபிபிரசோல், ஈசோமெப்ரசோல் எல்லாம் இதே குடும்பம். இவை சுவிட்சுகளை விட்டுவிட்டு நேராக மோட்டாரின் காயிலையே எரித்துவிடுகின்றன. பம்போடு ஒட்டிக்கொண்டால் பிரியாது. செல் புதுப் பம்பு செய்தால்தான் அந்த இடத்தில் மறுபடி அமிலம். அதனால்தான் இந்த மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து மறைந்தாலும் வேலை மட்டும் ஒரு நாளைக்கு நிற்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை ஓடுகிற பம்பைத்தான் எரிக்கும், தூங்குகிற பம்பை ஒன்றும் செய்யாது. பம்புகளை எழுப்புவது சாப்பாடு. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, எரிகிறதே என்று இரவு பத்து மணிக்குப் போடுவதில் பலன் குறைவு. முதல் நாளே முழுப் பலனும் தெரியாது. மூன்று நான்கு நாள் ஆகும். மாத்திரையை உடைத்தோ மென்றோ சாப்பிடவும் கூடாது. மேல் பூச்சு போய்விட்டால் இரைப்பை அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

இத்தனை நல்ல மருந்துகள் வந்த பிறகும் ஒரு விஷயம் மாறவில்லை. புண் ஆறியது, மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வந்தது. ஆண்டுக்கணக்கில், சிலருக்கு ஆயுசுக்கும் மாத்திரை. அப்படியும் அடங்காதவர்களுக்குக் கத்தி.

என் தாய்மாமா அப்படிக் கத்திக்குப் போனவர். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம். அரிசிச் சாதம் பிரதானமான தென்னிந்தியாவில் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் புண் அதிகம் என்று அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மாமா அந்தக் கணக்கில் ஒருவர். புண் ஆறி ஆறித் தழும்பு இறுகி, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாய் சுருங்கிவிட்டது. காலையில் சாப்பிட்டது ராத்திரி வாந்தியாக வரும். 1983-இல் அறுவை. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு, அதாவது மூன்று சுவிட்சில் ஒன்றின் ஒயரையே அறுத்துவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியில் இணைத்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குச் சற்று மேல் வரை ஏணி போல் குறுக்குத் தையலோடு ஒரு தழும்பு. சின்ன வயதில் அதில் விரல் வைத்துப் படி எண்ணியிருக்கிறேன். உயிர் பிழைத்தார். ஆனால் கல்யாணப் பந்தியில் முழு இலை சாப்பிட்டு எழுந்ததே இல்லை; சாப்பிட்ட கால் மணியில் வேர்த்து, நெஞ்சு படபடத்து, படுத்துவிடுவார். சுருங்கிப்போன வாய்க்கு அன்று வேறு வழி இருக்கவில்லை, அறுத்தவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. என்னை வாட்டுவது அந்த ஆண்டுதான். ஏனென்றால் 1983-இல் பெர்த்தில் இருவர் கையில் விடை இருந்தது.

கிருமி

ராபின் வாரன், ராயல் பெர்த் மருத்துவமனையின் நோயியல் நிபுணர். 1979 ஜூன் மாதம், இரைப்பைத் துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது மேற்பரப்பில் வளைந்த கிருமிகள் தெரிந்தன. அமிலத்தில் கிருமி வாழாது என்பதுதான் பாடம். வாரன் பாடத்தை நம்பாமல் கண்ணை நம்பினார். தேடத் தேட, அழற்சி உள்ள இரைப்பைகளில் கிருமி இருந்துகொண்டே இருந்தது. 1981-இல் பயிற்சிக் காலத்தில் இருந்த மார்ஷல் அவரோடு சேர்ந்தார்.

எண்டோஸ்கோப்பிக்கு வந்த 100 பேரை வரிசையாக எடுத்துப் பார்த்தார்கள். 58 பேரிடம் கிருமி. முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரில் 13 பேரிடமும் கிருமி. வளர்த்துப் பார்க்கத்தான் முடியவில்லை. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்று ஆய்வகம் தட்டுகளைக் கொட்டிக்கொண்டே இருந்தது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் சில தட்டுகள் கவனிப்பாரின்றிக் கூடுதலாகச் சில நாள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் அதில் பயிர் எழும்பியிருந்தது. மெதுவாக முளைக்கும் விதையை மூன்றாம் நாளே கிளறிப் பார்த்து, முளைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

அமிலத்தில் இது எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதி அதனிடம் நிறைய உண்டு. நம் வயிற்றிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். அமோனியா அமிலத்துக்கு நேர் எதிரான காரம். அதை வைத்துத் தன்னைச் சுற்றி அமிலத்தை முறித்துக்கொண்டு, கிருமி சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்ளும். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயிற்றில் இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றும். சுமப்பவர்கள் எல்லோருக்கும் புண் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான்.

1983-இல் லான்செட் இதழில் இருவரின் கடிதங்களும் வந்தன. அதே ஆண்டு ஆஸ்திரேலிய இரைப்பை-குடலியல் சங்கக் கூட்டத்துக்கு அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் நிராகரிக்கப்பட்டது. விலங்குகளில் நிரூபிக்கப் பார்த்தார்கள், பன்றிக்குட்டிகளிடம் கிருமி ஒட்டவில்லை. அதன்பிறகுதான் அந்தக் கலங்கல் நீர்.

மதிப்பீடு

ஒரு நிகழ்வு ஆய்வாக எடுத்துக்கொண்டால் மார்ஷலின் சோதனைக்கு வரம்புகள் உண்டு. அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் வரவில்லை. மாத்திரை போடுவதற்கு முன்பே அழற்சி பெரும்பாலும் தணிந்துவிட்டது, ஆகவே மருந்து குணமாக்கியது என்று சொல்ல முடியாது. நோயாளி ஒரே ஒருவர். நிரூபணமானது ஒன்றுதான்: நல்ல இரைப்பையில் இந்தக் கிருமியை விட்டால் அழற்சி வரும். அந்தப் புளிப்பில்லாத வாந்தி கூட நல்ல சாட்சி. தொற்றின் தொடக்கத்தில் அமிலச் சுரப்பு படுத்துவிடுகிறது. சில ஆண்டுகளில் நியூசிலாந்தின் ஆர்தர் மோரிஸும் இதைக் குடித்துப் பார்த்தார். அவருக்கும் அமிலம் குறைந்தது. ஆனால் தொற்று, மார்ஷலுக்குப் போனது போல் போகாமல் நிலைத்துவிட்டது.

எனக்கு மார்ஷலின் துணிச்சலைவிட, 1988-இல் வந்த அவரது அடுத்த ஆய்வு பெரிதாகப் படுகிறது. கிருமியும் முன்சிறுகுடல் புண்ணும் உள்ள 100 பேர். சிலருக்குச் சிமெடிடின், சிலருக்கு பிஸ்மத் என்ற வயிற்று மருந்து. இரண்டிலும் பாதிப் பேருக்கு டினிடசோல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு டினிடசோல், யாருக்கு வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சிமெடிடின் மட்டும் சாப்பிட்ட ஒருவரிடமிருந்தும் கிருமி போகவில்லை. பிஸ்மத்தோடு டினிடசோலும் எடுத்தவர்களில் 70 சதவீதம் பேருக்குப் போனது. கிருமி போனவர்களில் 92 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. அவர்களில் ஓராண்டுக்குள் திரும்ப வந்தது 21 சதவீதம் பேருக்கு. கிருமி தங்கியவர்களில் ஆறியது 61 சதவீதம். அவர்களில் திரும்ப வந்தது 84 சதவீதம்.

இந்த 84-ஐயும் 21-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அத்தனை வருடம் 'அல்சர்னா திரும்பத் திரும்ப வரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தது புண்ணின் குணமே அல்ல. கிருமியை உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியதன் விளைவு.

பிஸ்மத் பழைய மருந்து. அதைச் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கறுக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி பயந்துபோவார். சிமெடிடினில் ஆறிய புண்ணைவிட பிஸ்மத்தில் ஆறிய புண் தாமதமாகத்தான் திரும்புகிறது என்பது முன்பே கவனிக்கப்பட்ட புதிர். அது கிருமியைக் கொல்கிறது என்று தெரிந்ததும் புதிர் விடுபட்டது. இவர்களுக்கெல்லாம் முன்பே, கிரேக்க நாட்டின் மிசொலோங்கி என்ற ஊரில் யானிஸ் லிகூடிஸ் என்ற மருத்துவர் 1958 முதல் புண்ணுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துவந்தார். அவருக்குக் கிடைத்தது 4,000 டிராக்மா அபராதம்.

1994-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கிருமியுள்ள புண் நோயாளிகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டு உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வகையில் சேர்த்தது.

இன்றைய சிகிச்சையில் அமிலம் குறைக்கும் மருந்தும் உண்டு. ஆனால் அது துணைக்கு வருகிறது. அமிலம் குறைந்தால்தான் அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் வயிற்றுக்குள் சரியாக வேலை செய்யும். கிளாரித்ரோமைசினுக்குக் கிருமி பழகிப்போவது நம் நாட்டில் பெரிய தொல்லை. அதனால் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், ஒரு அமிலக் குறைப்பான் என்று நான்கையும் சேர்த்து 14 நாள் கொடுக்கும் முறை மறுபடி முன்னுக்கு வந்திருக்கிறது. ஒரு நாளைக்குக் கை நிறைய மாத்திரை, வாயில் உலோகக் கசப்பு, மது தொடக் கூடாது. ஆறாம் நாள் வயிறு லேசாகிவிடும். அப்போது நிறுத்துகிறவர்கள்தான் கிருமிக்குப் பயிற்சி கொடுத்து வெளியே அனுப்புகிறவர்கள்.

கிருமி மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. இன்னொரு பெரிய காரணம் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போடும் டைக்ளோபினாக், ஐபுபுரோபன், இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரின். இரைப்பைச் சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின்களை இவை தடுத்துவிடுகின்றன. வலி மாத்திரையால் வந்த புண்ணுக்கு முதல் வைத்தியம், முடிந்தால் அந்த மாத்திரையை நிறுத்துவது. இதயத்துக்கான ஆஸ்பிரினை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

எங்கள் வீட்டு நிகழ்வு

மாமாவின் மகனுக்கு 44 வயது. மூன்று வருடமாகக் கடையில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்கி, தினம் ஒரு பான்டோபிரசோல். போட்டால் வலி இல்லை, விட்டால் நடுராத்திரி எழுப்பும். இதை என்னிடம் அவன் சொன்னதே போன வருடம்தான். மருந்தாளுநர் வீட்டுக்குள்ளேயே மூன்று வருடம். கேட்டபோது எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாமா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "என்னோட போகட்டும்னு நினைச்சேன் மாப்ளே. இது வம்சத்துல ஓடுதா?"

"வம்சத்துல இல்ல மாமா. ஒரே வீட்டுல ஒட்டியிருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்."

எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் பழைய தழும்பும் பக்கத்தில் ஒரு சின்னப் புண்ணும் தெரிந்தன. எடுத்த சதைத் துணுக்கை மஞ்சள் ஜெல் இருக்கும் சின்னக் குழிவில் வைத்தார்கள். ஜெல்லில் யூரியா இருக்கிறது. கிருமி இருந்தால் அமோனியா வந்து மஞ்சள், ரோஜா நிறமாகும். இந்தச் சோதனையை உருவாக்கியதும் மார்ஷல்தான். மறுநாள் வரை மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது. கிருமி இல்லை என்று சீட்டு.

"காலைல மாத்திரை போட்டியாடா?" என்று கேட்டேன்.

"வெறும் வயித்துல போடணும்னு நீங்கதானே அத்தான் சொன்னீங்க."

அங்கேதான் சிக்கல். பான்டோபிரசோல் கிருமியை ஒழிப்பதில்லை. எண்ணிக்கையை அமுக்கி, சோதனைக்குத் தப்பவைத்துவிடும். எந்த மருந்து அவனுக்கு மூன்று வருடம் நிம்மதி கொடுத்ததோ அதுவே நோயை ஒளித்தும் வைத்தது. மருத்துவரிடம் சொன்னோம். அவர் இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி, எரிந்தால் ஜெலுசில் மட்டும் குடிக்கச் சொல்லி, யூரியா மூச்சுச் சோதனைக்கு அனுப்பினார். அந்த இரண்டு வாரமும் அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். நீண்ட காலம் போட்டு நிறுத்தினால் பம்புகள் முன்பைவிட வேகமாக ஓடும். எரிச்சல் இரட்டிப்பாகத் தெரியும். அதைத்தான் பலரும் 'மாத்திரை இல்லாம முடியல' என்று நினைத்துத் திரும்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் மலம் தார் போல் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ நேரம் காலம் பார்க்காமல் ஓடி வா என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பியிருந்தார். நல்லவேளை, அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மூச்சுச் சோதனை சுலபம். அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவை விழுங்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதை உடைக்கும். அந்தக் கார்பன் ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். ஊதினான். கிருமி இருந்தது.

நான்கு மருந்தும் 14 நாளும். ஒரு வேளை கூடத் தவறவில்லை. சமையலறைக் காலண்டரில் மாமாதான் ஒவ்வொரு வேளைக்கும் பென்சிலால் கோடு போட்டார். வலி முதல் வாரமே போய்விட்டது. "போயிருச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு டெஸ்ட்டு?" என்று அவன் கேட்டான். கிருமிக்கொல்லி முடிந்து நான்கு வாரம், அமில மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம். அதற்கு முன் செய்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. காத்திருந்தோம்.

இரண்டாம் முறை போனபோது மாமாவும் கூட வந்தார். மகன் பையில் ஊதுவதை வாசல் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் முடிவு வந்தது, கிருமி இல்லை. மாமா சீட்டை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என் வயித்துல இருக்கான்னும் பாத்துரலாமா மாப்ளே?" என்றார். 81 வயதில். அடுத்த வாரம் அவரையும் கூட்டிப் போனேன்.